பயணம் தொடங்கிய நாடு

லுணுகலையில் ஒரு மாரியம்மன் திருவிழாவின்போது, இலண்டனிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். படித்து, வெளிநாடு சென்று, இப்போது நல்ல நிலையில் இருப்பவர். பிரயாணச் செலவு பற்றிப் பேச்சு வந்தது. "லண்டன்ல இருந்து நேரா வந்தா காசு கூடண்ணே. ரயில்ல பாரிசுக்குப் போயி, அங்கருந்து ஏறுனேன்" என்றார். மிச்சம் பிடித்த பணத்தில் தேர்த்திருப்பணிக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன்.

இந்தச் சூட்சுமம் புலம்பெயர்ந்த தமிழர் பலருக்கும் தெரிந்ததே. விமானச்சீட்டின் விலை தூரத்தை மட்டும் பார்த்து வைக்கப்படுவதில்லை. பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறது, அங்கே போட்டி எப்படி, அந்நாட்டார் எவ்வளவு கொடுப்பர், அரசாங்கம் எவ்வளவு வரி வாங்குகிறது என்பவற்றையெல்லாம் கணக்கிட்டே அது முடிவாகிறது. பிரித்தானியா 1994 முதல் தன் மண்ணிலிருந்து புறப்படும் பயணிக்கு வரி விதிக்கிறது; தொலைதூரப் பயணத்துக்கு அது அதிகம். ஆகவே இலண்டன்காரர் பாரிசில் தொடங்குகிறார். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சீட்டில் எழுதப்பட்ட முதற்கட்டத்தில் ஏறாமல் விட்டால், பெரும்பாலான விமானக் கம்பனிகள் மீதிப் பயணம் முழுவதையும் இரத்துச் செய்துவிடும்.

அந்த இளைஞரிடம் நான் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. வேறொரு நாட்டில் தொடங்குவதால் மலிவாகும் பயணச்சீட்டு அவருடைய குடும்பத்துக்குப் புதியதல்ல. அவருடைய முன்னோர் அப்படியொரு சீட்டில்தான் ஊவாவுக்கு வந்து சேர்ந்தனர். அது தகரத்தில் செய்யப்பட்டிருந்தது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்குச் சீட்டு என்று ஒன்று இருக்கவில்லை. தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் ஆகிய துறைகளில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் ஆட்களை விழுத்தின. 1840களில் மாண்டவர் தொகை எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வழக்கு ஓயவில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வேளையில், பிளேக் அச்சத்தால் அந்த வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமில் தடுத்து வைத்துப் பரிசோதித்து, கப்பலில் கொழும்புக்கு அனுப்பும் முறை வந்தது. 1901இல் தகரச்சீட்டு முறையும் வந்தது. எழுத்தும் இலக்கமும் பொறித்த ஒரு சிறு தகட்டைத் தொழிலாளியின் கழுத்தில் கட்டினார்கள். அந்த இலக்கம் அவன் சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும். அதைக் காட்டினால் புகையிரதத்திலும் கப்பலிலும் கையில் சல்லிக்காசின்றிப் பயணம் செய்யலாம்; வழியில் சோறும் உண்டு. செலவைத் தோட்டத்திடம் கணக்கிட்டு வாங்கிக்கொண்டது அரசாங்கம்.

இலவசம் என்று அதை நம்பி ஏறியவர்கள் பலர். தோட்டம் அந்தச் செலவைப் பெரிய கங்காணியின் பேரில் எழுதியது. கங்காணி அதைத் தொழிலாளியின் பேரில் எழுதினான். ஊரில் கொடுத்த முற்பணமும், வழிச்செலவும், தோட்டத்துக்கு வந்தபின் வாங்கிய அரிசியும் கம்பளியும் ஒரே கடனாகச் சேர்ந்தன. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் 'துண்டு' வேண்டும். கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கொடுத்து ஆளை எடுக்கும். கடனும் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தூத்துக்குடி-கொழும்புக் கப்பல் கட்டணம் ஒரு கட்டத்தில் அதலபாதாளத்துக்குச் சென்றதும் உண்டு. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கினார். பிரிட்டிஷ் இந்தியா கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பனி அரை ரூபாயாக்கியது. அப்புறம் வெள்ளைக்காரக் கம்பனி இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1908இல் வ.உ.சி. சிறை சென்றார், கம்பனியும் பின்னர் கலைந்தது. அந்தப் போட்டியில் வியாபாரிகள் பயனடைந்திருப்பார்கள். சீட்டைத் தானே வாங்காமல் தகட்டைக் கட்டிக்கொண்டு வந்தவனுக்கு மலிவு எங்கே?

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாம் வழியே இலட்சக்கணக்கானோர் வந்தனர். 1923 முதல் வழிச்செலவை எல்லாத் தோட்டங்களும் சேர்ந்த ஒரு நிதி ஏற்றது. தொழிலாளியிடம் அதை அறவிடக்கூடாது என்றாயிற்று. இந்தியாவில் தொடங்கும் பயணம் அதன்பின்பே உண்மையில் இலவசமாகியது. ஆனால் திரும்பிப் போவதற்குச் சலுகை குறைவு. வந்து ஒரு வருடத்துக்குள் நோய், வேலைக்கு ஒவ்வாமை, அநீதியாக நடத்தப்பட்டமை போன்ற காரணங்களைக் காட்டினாலே அரசாங்கச் செலவில் அனுப்புவார்கள். மற்றவர்கள் சொந்தக் காசில்தான் போகவேண்டும். ஒரே பாதை, ஒரே கப்பல். தொடங்கும் பக்கத்தைப் பொறுத்து விலை.

லுணுகலைக்காரருக்கு இன்னொரு கட்டமும் இருந்தது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளை வரைதான் வந்தது. பதுளைக்கு 1924இல்தான் எட்டியது. அதற்குமுன் வந்தவர்கள் பண்டாரவளையில் இறங்கி, பதுளையும் பசறையும் தாண்டி, ஹொப்டன், சோலண்ட்ஸ், அடாவத்தை என்று தோட்டங்களுக்கு மலையேறினர். அந்தக் கட்டத்துக்குத் தகரச்சீட்டு உதவவில்லை, கால்தான் சீட்டு.

1948இல்தான் அந்தச் சீட்டின் முழு விலை தெரிந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், உன் தகப்பன் இங்கே பிறந்தானா, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் பிறப்புப் பதிவு இல்லை. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் தொடர்ச்சியாக வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். தாய்க்குக் கொள்ளி வைக்கப் போய்த் தங்கிவிட்டவன் என்ன செய்வான்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. பயணத்தை இந்தியாவில் தொடங்கிவைத்தது தோட்டங்களின் இலாபக் கணக்கு. தொடங்கியது இந்தியாவில் என்று குற்றம் சுமந்தது பேரப்பிள்ளை.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பங்கிட்டது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, எங்கள் பக்கத்துக் குடும்பமொன்றை வழியனுப்பத் தகப்பனார் என்னைப் பதுளை ஸ்டேசனுக்கு அழைத்துச் சென்றார். கோச்சி புறப்படுமுன்பே ஒப்பாரி எழுந்தது. அந்த வீட்டுக் கிழவி மட்டும் அழவில்லை. அம்மிக்கல்லை ஏற்றவிடமாட்டார்களாம் என்று போர்ட்டரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அது ஒருவழிச் சீட்டு. போனவர்களில் சிலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்தனர். இங்கே எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை வழக்குத் தீரவில்லை.

திருவிழா முடிந்து புறப்படும் நாளில் அந்த இளைஞர் மீண்டும் வந்தார். "எங்க பூட்டன் எந்த ஊர்ல இருந்து ஏறுனாருன்னு கண்டுபிடிக்க முடியுமாண்ணே?" என்று கேட்டார். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். திருச்சிப் பக்கம் என்பார்களாம். துறையூரா முசிறியா என்றால், அப்பத்தா இருந்தவரை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாராம்.