வீடு விற்கும் உரிமையும் சமூகத் தேர்வும்: புதுச்சேரியின் 1881, 1962ஆம் ஆண்டு ஆவணங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டின் தனிநிலைத் துறப்பும் 1962ஆம் ஆண்டின் குடியுரிமைத் தேர்வும் அரசியல் அடையாளம் சார்ந்த நிகழ்வுகளாகவே பெரிதும் பேசப்பட்டுள்ளன. அவற்றைச் சொத்து வரலாற்றின் ஆவணங்களாகவும் படிக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஒரு வீட்டை யார் விற்கலாம், எவருடைய கையெழுத்து வேண்டும் என்பதை முன்னோர் தேர்ந்த சமூகமே வரையறுத்தது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, ரெனோன்சான், வழக்காற்றுச் சட்டம், மகளிர் சொத்துரிமை, குடியுரிமைத் தேர்வு

முன்னுரை

புதுச்சேரி நகரில் பழைய வீடு ஒன்றை வாங்க முற்படுவோர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நிறுத்திவிட இயலாது. விற்பவரின் குடும்பம் ரெனோன்சான் குடும்பமா என்னும் வினா அடுத்து எழும். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பாட்டனாரின் பாட்டனார் ஓர் அலுவலர் முன் அளித்த உறுதிமொழி, இன்றைய கிரயப் பத்திரத்தில் எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழகத்தின் பிற ஊர்களில் இத்தகைய வினாவுக்கு இடமில்லை. இவ்வினா எவ்வாறு தோன்றியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தெருவில் தெரிந்த சமூகம்

பிரெஞ்சுக் கும்பினியின் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கு நிலைகொண்டார். 1693இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 1699 வரை ஆண்டனர். நேர்கோட்டுத் தெருக்களைக் கொண்ட நகர அமைப்புக்கு அவர்களுடைய வரைபடங்களே மூலம் என்பதை ழான் தெலோஷ் பழைய வரைபடங்களின் துணையுடன் நிறுவியுள்ளார். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரமும் மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியும் அமைந்தன. வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, யாதவாள் வீதி, வைசியாள் வீதி, தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதி என்னும் பெயர்களே குடியிருப்பின் இயல்பைச் சொல்லும். உறவினரை நம்பி ஊர் மாறுவதும் வழக்கமாக இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளை, தம் மைத்துனர் நைனியப்பப் பிள்ளையின் அழைப்பின் பேரில் சென்னைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர்.

எனவே புதுச்சேரியின் சமூக வரலாற்றைத் தெருப்பெயர்களிலிருந்து தொடங்குவது இயல்பே. ஆயினும் அதோடு நின்றுவிடுவது போதாது என்பது என் கருத்து. தெருப்பெயர் ஒரு சமூகத்தைக் காட்டும். அத்தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்தும் சட்டத்தைக் காட்டாது.

தந்தையின் முழுவுரிமை

1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இந்தியக் குடியேற்றங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கிறித்தவரோ இசுலாமியரோ இந்துக்களோ, இந்தியர் அனைவரும் தத்தம் சாதியின் சட்டங்கள், வழக்காறுகள் ஆகியவற்றின்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் அது உறுதியளித்தது. வழக்காறு எது என்பதில் ஐயம் எழுந்தால் கருத்துரைப்பதற்கு 1827இல் இந்தியச் சட்டவியல் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

இந்த நீதிமன்ற மரபில் உருவான 'புதுச்சேரி இந்து வழக்காற்றுச் சட்டம்' அண்டை நிலப்பகுதியின் சட்டத்தினின்று அடிப்படையிலேயே வேறுபட்டது. சென்னை மாகாணத்தில் மிதாட்சர மரபின்படி முன்னோர் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு. தக்க தேவையின்றித் தந்தை விற்றால் மகன் வழக்குத் தொடுக்கலாம். புதுச்சேரியிலோ மகனுக்குப் பிறப்புரிமை இல்லை. தந்தை உயிரோடிருக்கும்வரை அவரே முழு உரிமையாளர். வீட்டை விற்க அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். நகரின் வடக்கெல்லையைக் கடந்தால் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட கோட்டக்குப்பம். ஒரே குலத்தைச் சேர்ந்த அண்ணன் புதுச்சேரியிலும் தம்பி கோட்டக்குப்பத்திலும் வீடு வைத்திருந்தால், அண்ணன் தன் மகனைக் கேளாமல் விற்கலாம். தம்பி அவ்வாறு விற்பது வழக்கில் முடியலாம். மகன் இருக்கையில் மகளுக்குப் பங்கில்லை என்பதில் மட்டும் எல்லையின் இருபுறமும் ஒத்திருந்தன.

தமிழ்க் கிறித்தவர்களும் இவ்வழக்காற்றுக்கு உட்பட்டிருந்தனர் என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். மதம் மாறியதால் சொத்துச் சட்டம் மாறிவிடவில்லை. 'கிறித்தவர் என்றால் பிரெஞ்சுச் சட்டம்' என்று பொதுவாக நிலவும் எண்ணம் இதனால் தவறாகிறது.

1881: பெயரும் சட்டமும்

1873இல் வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றத்தில் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அவ்வழக்கு பிரான்சின் உச்ச முறையீட்டு மன்றம்வரை சென்று அவருக்குச் சாதகமாக முடிந்தது. அவரைப் போன்றோரின் முயற்சியின் பின்னணியில் வெளிவந்ததே 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை. விரும்பும் இந்தியர் தம் சாதி, சமய வழக்காற்றுத் தனிநிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம். துறப்பு இறுதியானது, மீளப்பெற முடியாதது. துறந்தவரின் மனைவிக்கும் உரிய வயதடையாத மக்களுக்கும் அது பொருந்தும். வழிவழியாக வரவேண்டிய குடும்பப் பெயர் ஒன்றையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' என்னும் பெயரைக் கொண்டார். வாயிற்கதவு என்பது அதன் பொருள்.

இந்த ஆணையை ஆய்வாளர்கள் 1884இல் வந்த மூவகை வாக்காளர் பட்டியலோடும், சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் எழுந்த எதிர்ப்போடும் சேர்த்தே பார்த்துள்ளனர். அப்பார்வை பொருத்தமானதே. ஆனால் வாக்குரிமைப் பட்டியல்கள் மறைந்துவிட்டன. சொத்துரிமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துறந்தவரின் வீட்டில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. ஆண், பெண், மூத்தோர், இளையோர் என்னும் வேறுபாடின்றி மக்கள் அனைவரும் சமபங்கு பெற்றனர். மக்களுக்குரிய ஒதுக்கீட்டுப் பங்கைத் தந்தையின் விருப்பாவணம் தொட முடியாமற்போயிற்று. ஒரு குழந்தை இருப்பின் சொத்தில் பாதியும், இருவர் இருப்பின் மூன்றில் இரண்டும், மூவர் அல்லது அதற்கு மேல் இருப்பின் நான்கில் மூன்றும் அவ்வாறு ஒதுக்கப்பட்டன. பொதுச் சொத்தில் தொடர்ந்து கூட்டாக இருக்குமாறு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது மூன்றாவது. கூட்டுரிமையாளர் எவரும் பாகப்பிரிவினை கோரலாம். வசதியாகப் பிரிக்க இயலாத வீடு நீதிமன்றத்தின் வழியே ஏலத்திற்கு வரும்.

இறுதியாகச் சொன்ன விதி புதுச்சேரியின் தமிழ் வீடுகளுக்குப் பெரிதும் பொருந்தும். தெருவை நோக்கிய குறுகிய முகப்பு, தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், அதற்கும் பின்னே கொல்லை என நீண்டு செல்லும் அமைப்பு அது. முற்றத்தை நான்காகப் பிரித்தால் அங்கு யாரும் குடியிருக்க முடியாது. ஆகவே சமபங்கு என்னும் உரிமை பல வேளைகளில் விற்பனைக்கே வழிவகுத்திருக்கும். மகளுக்கு நீதி செய்யும் சட்டமே அவள் பிறந்த வீட்டைக் கைமாற்றவும் செய்தது. இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. மகளை வெறுங்கையோடு அனுப்பிக் காத்த வீட்டை மட்டும் எண்ணி வருந்துவது எனக்கு உடன்பாடன்று.

இந்தியாவின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இதன் எடை விளங்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் மகளுக்குப் பங்களித்தபோதும், அதன் 23ஆம் பிரிவு குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும் விலக்கி வைத்தது. ஆண் வாரிசுகள் முன்வரும்வரை பெண் வாரிசு அவ்வீட்டில் பிரிவினை கோர முடியாது. அப்பிரிவு 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. ரெனோன்சான் குடும்பத்து மகளுக்கு அந்த உரிமை 1881 முதலே இருந்தது. எனினும் அத்துறப்பைத் தாய் முடிவு செய்யவில்லை. கணவன் துறந்தமையால் அவளும் துறந்தவளானாள்.

1962: மீண்டும் ஒரு தேர்வு

1954 நவம்பர் 1இல் நிருவாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராவர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.69 லட்சம் மக்கள் இருந்த நிலப்பகுதியில் 5,000 பேர் அளவிலேயே அவ்வாறு தெரிவித்தனர். கணவன் மனைவியருள் ஒருவரின் தேர்வு மற்றவரின் குடியுரிமையைப் பாதிக்காது என்னும் விதி இங்குக் கவனிக்கத்தக்கது. 1881இல் கணவனின் உறுதிமொழிக்குள் அடங்கிய மனைவி, 1962இல் தனக்கெனக் கையெழுத்திடும் உரிமை பெற்றாள்.

குடியுரிமையும் தனிநிலையும் வெவ்வேறானவை. இந்தியரான ரெனோன்சான் ரெனோன்சானாகவே தொடர்ந்தார். இந்துக் குடும்பச் சட்டங்கள் 1963இல் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டபோது அவை ரெனோன்சான்களுக்குப் பொருந்தா என்னும் விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. பிரான்சில் பின்னர் நிகழ்ந்த திருத்தங்கள் இங்கு வந்து சேரவில்லை. பாரிசில் மாறிவிட்ட சட்டம் புதுச்சேரியில் 1962ஆம் ஆண்டு நிலையிலேயே நின்றுவிட்டது. குடியுரிமையை வைத்துக்கொண்டு பிரான்சு சென்ற உடன்பிறப்புக்கும் இங்கிருக்கும் வீட்டில் பங்கு உண்டு. குடியுரிமை எதுவாயினும், அசையாச் சொத்துக்கு அது அமைந்த இடத்தின் சட்டமே பொருந்தும்.

முகப்புக்குப் பின்னால்

கல்வே சுப்பராய செட்டியார் பெயர் கொண்ட வைசியாள் வீதியின் தமிழ் முகப்புகள் இன்டாக் அமைப்பின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதையும் பெற்றன. வரவேற்க வேண்டிய பணி. ஆயினும் மரபுக் கட்டடங்களின் அழிவைப் பேசுவோர் நிலத்தின் விலையையும் உரிமையாளரின் அக்கறையின்மையையுமே காரணங்களாகக் கூறுகின்றனர். கூட்டுரிமையின் சட்ட வரலாற்றை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. துறப்புப் பதிவேடுகளையும் கிரயப் பத்திரங்களையும் தெருவாரியாக அருகருகே வைத்துப் படித்தால்தான் ஒரு வீடு ஏன் நிலைத்தது, அடுத்த வீடு ஏன் கைமாறியது என்பதற்கு விடை கிடைக்கும். ஒரே வரிசையில் திண்ணை வைத்துக் கட்டப்பட்ட இரு வீடுகளுள் ஒன்றைத் தந்தை தம் ஒற்றைக் கையெழுத்தால் விற்றிருக்கலாம். மற்றொன்றின் பத்திரத்தில் திருமணமாகிச் சென்ற மகள்கள் அனைவரின் பெயரும், பிரான்சிலிருந்து வந்த அதிகாரப் பத்திரமும் இடம்பெற வேண்டியிருந்திருக்கும்.