ஒளி வந்த வழி

மலாயாவின் மின்சார வரலாறு தலைநகரின் மாளிகைகளில் தொடங்கியதன்று; ரவாங்கின் ஈயச் சுரங்கத்தில் தொடங்கியது. 1894ஆம் ஆண்டில் அங்கு மின்னாக்கி நிறுவி, சுரங்க நீரை இறைக்கும் எந்திரத்தை மின்னாற்றலால் இயக்கியோர் இருவர். ஒருவர் சீனப் பெருவணிகர் லோக் இயூ. மற்றவர் தமிழர் தலைவர் கா. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவர் என்றே பிள்ளையவர்களை நம் மாணவர் அறிவர். இந்நாட்டிற்கு மின்னாற்றலைக் கொணர்ந்தோருள் ஒருவர் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

அக்காலத்தில் மேலைநாடுகளில் ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1882இல் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்த எடிசன், ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்னோட்டத்தையே வீடுகளுக்கு வழங்கினார். வெஸ்டிங்ஹவுஸ், டெஸ்லா ஆகியோர் மாறுதிசை மின்னோட்டமே ஏற்றது என வாதிட்டனர். பின்னதே வென்றது. ஏன்?

மின்சாரம் கம்பியில் செல்லுங்கால் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. அவ்விழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்பப் பத்திலொரு பங்கு மின்னோட்டம் போதும். இழப்போ நூற்றிலொரு பங்காகும். அழுத்தத்தை உயர்த்தவும் வீட்டு வாயிலில் தாழ்த்தவும் வல்லது மின்மாற்றி. அக்கருவி மாறும் காந்தப்புலத்தாலேயே இயங்குவது. நேர்திசை மின்னோட்டத்தில் அது இயங்காது.

ரவாங்கில் ஆக்கிய இடமும் பயன்படுத்திய இடமும் அருகருகே இருந்தன. அத்தகைய இடத்தில் எவ்வோட்டமும் பயன்படும். பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில் பங்சாரில் எழுந்த மின்நிலையத்திற்கும் தொலைவு பெருந்தடையன்று. ஆனால் 1953இல் கிள்ளான் ஆற்றோரம் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டபோது நிலைமை வேறு. மின்னாற்றல் பிறந்தது கிள்ளான் அருகே. அதனை வேண்டி நின்றதோ பல கல் தொலைவிலுள்ள கோலாலம்பூரும். மாறுதிசை மின்னோட்டமும் மின்மாற்றியுமே அத்தொலைவை வென்றன.

எனினும், அறிவியலால் வெல்லப்பட்ட தொலைவு எல்லார்க்கும் ஒருங்கே வெல்லப்படவில்லை. நகரில் விளக்கு விடிய விடிய எரிந்த நாளிலும், தோட்டங்கள் பலவற்றின் தொழிலாளர் குடியிருப்புகளில் தோட்டத்து மின்னாக்கி இரவில் சில மணி நேரமே ஓடியது. அது நின்றபின் மண்ணெண்ணெய் விளக்கின் அடியிலேயே பிள்ளைகள் பாடம் படித்தனர். உயரழுத்தக் கம்பி தோட்டத்தைக் கடந்து செல்லலாம். மின்மாற்றி ஒன்று நடப்பட்டாலன்றி அதன் கீழுள்ள வீட்டில் ஒளி இல்லை. அதனை நடுவிப்பது இயற்கை விதியன்று, மனிதர் முடிவு.

தோற்ற நேர்திசை மின்னோட்டமும் அழிந்துவிடவில்லை. கூரைமேல் வைக்கும் சூரியத் தகடு தருவதும், கைப்பேசி உட்கொள்வதும் அதுவே. கெடாவின் குருணையும் தென் தாய்லாந்தையும் 2002 முதல் இணைத்துவரும் மின்தொடர் 300 கிலோவோல்ட் நேர்திசை மின்னோட்டத்தால் இயங்குவது. இன்றைய மின்னணுக் கருவிகள் அதன் அழுத்தத்தையும் மாற்ற வல்லன. ஆகவே எது உயர்ந்தது என்பதன்று வினா. எவ்விடத்திற்கு எது ஏற்றது, எவ்வீட்டிற்கு இன்னும் சென்று சேரவில்லை என்பனவே மாணவர் எழுப்ப வேண்டிய வினாக்கள்.