நூற்கட்டையின் கதை

மேலைநாட்டு இல்லங்களிலே பழைய மர நூற்கட்டைகள் இன்று அலங்காரப் பொருள்களாகிவிட்டன. அவற்றைக் கண்ணாடிச் சாடிகளிலே நிரப்பி வைக்கின்றனர்; பின்னல் நாடா சுற்றி அலுமாரித் தட்டுகளிலே அடுக்குகின்றனர்; மெழுகுதிரித் தாங்கிகளாகவும் மாலைகளாகவும் ஆக்குகின்றனர். பழைய கட்டை கிடையாதவர் புதிய கட்டையைத் தேயிலைச் சாயத்திலே தோய்த்துப் பழமை ஏற்றுவதும் உண்டு. அத் தேயிலைக்காக எத்தனை முதுகுகள் வளைந்தன என்பதை இந்நாட்டவராகிய நாம் அறிவோம். நூற்கட்டைக்காக வளைந்த முதுகுகளை அறிந்தோர் எத்தனை பேர்?

இக் கட்டையின் வரலாறு ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரிலே தொடங்குகின்றது. சால்வை நெசவுக்குப் பெயர்பெற்ற அந்நகரின் தறிகளிலே, பாவிழைகளை ஏற்றியிறக்கும் விழுதுகள் பட்டுநூலாற் கட்டப்பட்டிருந்தன. 1806 இல் நெப்போலியன் பிரித்தானிய வாணிபத்துக்கு எதிராகத் தடை விதித்தான். பட்டு அருகியது. அப்பொழுது கிளார்க் குடும்பத்தினர் பட்டுக்கு ஈடான வழவழப்புடைய பருத்தி நூலை முறுக்கினர். விழுதுக்கெனப் பிறந்த நூல் விரைவிலே தையலூசியிற் புகுந்தது. 1812 இல் தையல்நூல் ஆலையும் எழுந்தது.

முதலிலே நூலைச் சிட்டமாகவே விற்றனர். பின்னர், சிக்கலின்றி எடுப்பதற்காக மரக்கட்டையிற் சுற்றிக் கொடுத்தனர். கட்டைக்கென அரைப் பென்னி தனியே வாங்கி, வெறுங்கட்டையைத் திருப்பித் தந்தவர்க்கு அப்பணத்தை மீளக் கொடுத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அன்று ஏழைத் தையற்காரிக்கு அந்த அரைப் பென்னியும் பெரிது.

கட்டையைக் கடைந்தவர் யார்? இங்கிலாந்தின் ஏரிமாவட்டத்திலே, ஸ்ரொட் பார்க் என்னுமிடத்தில் 1835 இல் ஒரு கட்டைக்கடைசல் ஆலை அமைந்தது. லங்காசயர்ப் பஞ்சாலைகளுக்கு வேண்டிய நூற்கட்டைகளை அது செய்தளித்தது. வெட்ட வெட்டத் தளிர்க்கும் காடுகளிலிருந்து மரம் வந்தது; நீர்ச்சக்கரமும், பின்னர் நீராவியும் கடைசற் பொறிகளைச் சுழற்றின. ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவரும் அங்கே உழைத்தனர். மரச்சீவல் நிலத்தை மூடியது. மரத்தூள் அவர்தம் நெஞ்சை அடைத்தது. நாம் விரலால் தடவி வியக்கும் வழவழப்பு இவ்வாறு பிறந்ததாகும்.

நூல் தீர்ந்த பின்னர் கட்டை ஏழையின் உடைமையாயிற்று. அதன் தலையிலே நான்கு சிற்றாணிகளை அறைந்து, கம்பளிநூலைக் கண்ணியாக மாட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டால், துளையின் வழியே உருண்டையான பின்னற்கயிறு இறங்கிவரும். அக்கயிற்றைச் சுருட்டித் தைத்துச் சிறு விரிப்புகள் செய்தனர். சிறுவர்கள் கட்டையின் விளிம்புகளைப் பல்லாக வெட்டி, துளையினூடே றப்பர் வளையத்தைச் செலுத்தி, மெழுகுதிரித் துண்டும் தீக்குச்சியும் பொருத்தி முறுக்கிவிட்டனர். அது ஊர்ந்து மேடேறியது. அமெரிக்க வீடுகளிலே கட்டைகளைக் கயிற்றிற் கோத்துத் தொங்குதட்டுகள் அமைத்தனர். ஆகவே, நூற்கட்டை அலங்காரம் இன்றைய நாகரிகர் கண்டுபிடித்ததன்று. இல்லாமையின் நடுவிலும் அழகை விரும்பிய எளிய மக்களே அதற்கு முன்னோடிகள்.

பெய்ஸ்லியின் மற்றொரு நூல் முதலாளிகளான கோட்ஸ் குடும்பத்தாரின் பெயரைத் தாங்கிய பெருங்கோயில் 1894 இல் திறக்கப்பட்டது. ஈராண்டுகளின் பின், 1896 இல், கோட்ஸ், கிளார்க் நிறுவனங்கள் இணைந்தன. ஆலைகளிலே உழைத்தோரிற் பெரும்பாலோர் பெண்கள். முதலாளியின் பெயர் கல்லிலே நின்றது. கட்டையின் முகப்பில் ஒட்டிய தாளிலும் நின்றது. அத் தாள் கிழியாத கட்டைக்கே இன்று விலை அதிகம். கடைந்த சிறுவனுக்கோ, சுற்றிய பெண்ணுக்கோ அதில் இடமில்லை.

நெசவாலைகள் நலிந்தன, மரத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் பிடித்தது. ஸ்ரொட் பார்க் ஆலை 1971 இல் மூடப்பட்டது. இன்று அது காட்சிசாலை. பழைய பொறிகள் பார்வையாளருக்காகச் சுழல்கின்றன.

நூற்கட்டையால் வீட்டை அழகுசெய்வோரை நாம் குறைகூறவில்லை. குப்பையில் எறியப்படுவதைக் காட்டிலும் தட்டிலே அது வீற்றிருப்பது நன்றே. ஆனால், "இது என்ன?" என்று வீட்டுக் குழந்தை கேட்கும்போது, "பழைய பொருள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். உன் வயதையொத்த சிறுவன் ஒருவன் புத்தகம் ஏந்த வேண்டிய கையால் இதனைக் கடைந்தான் என்பதையும் சொல்லுங்கள்.