செய்தியைப் பகுத்து வைத்தவர்கள்

அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து முடித்த பக்கம், அச்சேறிய பின்னர் மீண்டும் தனித்தனி எழுத்துகளாகப் பிரிந்து பெட்டிக்குத் திரும்பும். எழுத்துக்கு வாய்த்த இவ்விடுதலை செய்திக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. நிருபர் அலைந்து திரட்டிய நாள், இடம், பெயர், எண் யாவும் ஒரே கட்டுரையாகப் பின்னப்பட்டு மறுநாளே பழந்தாளாகிவிடும். 1990களில் நாளிதழ்கள் இணையத்தில் புகுந்தபோதும் இந்நிலை மாறவில்லை. அச்சில் வந்த கட்டுரையையே திரையில் ஏற்றினர். அதற்கென அமைந்த பதிப்புக் கருவிகளும் தலைப்பு, எழுதியவர், நாள், உரை என்னும் சில கட்டங்களுக்கு மேல் பெரும்பாலும் கேட்கவில்லை.

கணிப்பொறி கொண்டு செய்தி தேடும் முயற்சி முன்பே உண்டு. 1967இல் டெட்ராய்ட் கலவரத்தில் பங்குகொண்டோர் எத்தகையோர் என்பதைப் பிலிப் மேயர் கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்தார். ஆயினும் வாசகர் கைக்கு வந்தது வழக்கம்போல் கட்டுரையே.

இம்மரபை உலுக்கிய கருவியொன்று பெருநகரில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் பல்கலைக்கழக ஊர் உள்ளது. அங்குள்ள லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழின் இணையப் பிரிவில், 2003ஆம் ஆண்டு ஏட்ரியன் ஹோலவாட்டியும், இங்கிலாந்திலிருந்து ஓராண்டுப் பயிற்சிக்கு வந்த மாணவர் சைமன் வில்லிசனும் பைத்தான் மொழியில் நிரல் எழுதத் தொடங்கினர். செய்திக்கூடத்தில் ஒரு புதிய பகுதியைக் கேட்டால் சில நாள்களில், ஏன், சில மணி நேரத்திலேயே கூட அது ஆயத்தமாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்து கட்ட நேரமில்லை. ஆதலால் அடிக்கடி தேவைப்பட்டவற்றைப் பிரித்தெடுத்துப் பொதுச் சட்டகமாக்கினர். 2005 ஜூலையில் அது எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுடன் வெளியிடப்பட்டது. அதற்கு ஜாங்கோ என்று பெயர். தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் கித்தார் இசையில் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாக இட்ட பெயர் அது. நாளிதழ்க் கருவியொன்று இசைக் கலைஞன் பெயரைத் தாங்கியது கவிஞர்களுக்கு உவப்பான செய்திதான்.

அதே ஆண்டு மே மாதம் ஹோலவாட்டி சிகாகோ நகரக் குற்றங்களுக்கெனத் தனித்தளம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். காவல்துறை வெளியிட்ட குற்றப் பதிவுகளை அவருடைய நிரல் திரட்டிக் கூகுள் வரைபடத்தின்மீது புள்ளிகளாக வைத்தது. ஒருவர் தம் தெருவில் என்ன நடந்தது என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவரின் துயரை அப்புள்ளி சொல்லாது. காவல்துறை பதியாத குற்றத்திற்கு அங்கே புள்ளியே இராது. இக்குறையை மறப்பவர் எண்களை நம்பி ஏமாறுவர்.

2006 செப்டம்பரில் அவர் எழுதிய கட்டுரை இதழியலாளரிடையே பெரிதும் பேசப்பட்டது. ஊரில் தீப்பிடித்தால் நிருபர் நாள், நேரம், இடம், பாதிக்கப்பட்டோர், தீயணைப்பு நிலையத்தின் தொலைவு, வீரர்கள் வந்து சேர எடுத்த நேரம் யாவற்றையும் கேட்டறிகிறார். அவற்றைப் பத்திகளுக்குள் கரைத்துவிட்டால், முன் நேர்ந்த தீ விபத்துகளோடு ஒப்பிட வழியின்றிப் போகும். தனித்தனிக் கட்டங்களில் இட்டு வைத்தால் ஒப்பிடலாம். இதுவே அவர் வாதம். புறநானூற்றைக் கற்றவருக்கு இது புதிதாகத் தோன்றாது. பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என வகுத்துக் குறித்த கைகள் இல்லையேல், எந்தப் புலவர் எந்த மன்னனைப் பாடினார் என்பதைப் பாட்டின் சொற்களிலிருந்து மட்டும் எத்தனை இடங்களில் அறிந்திருக்க முடியும்?

ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் 2007இல் ஜாங்கோவைக் கொண்டு பாலிட்டிஃபேக்ட் தளத்தை அமைத்தது. அரசியல்வாதியின் ஒவ்வொரு கூற்றும் அங்கே தனிப் பதிவு. சொன்னவர், பொருள், மெய்யா பொய்யா என்னும் தீர்ப்பு ஆகியவை அதன் உறுப்புகள். ஒரு தலைவரின் கூற்றுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்க வாசகரால் இயன்றது. 2009இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஹோலவாட்டியின் அடுத்த முயற்சியான எவ்ரிபிளாக், நைட் அறக்கட்டளை அளித்த 11 லட்சம் டாலர் நல்கையுடன் 2008இல் எழுந்தது. சிகாகோக் குற்றத்தளமும் அதிலேயே கலந்தது. நல்கையின் நிபந்தனைப்படி அதன் நிரல் 2009இல் பொதுவில் வைக்கப்பட்டது. தளமோ அதே ஆண்டில் எம்.எஸ்.என்.பி.சி. இணைய நிறுவனத்திற்குக் கைமாறியது. 2013 பிப்ரவரி 7 அன்று அப்போதைய உரிமையாளரான என்.பி.சி. நியூஸ், முன்னறிவிப்பின்றி அதை மூடிவிட்டது. அண்டை வீட்டார் ஆண்டுக்கணக்கில் எழுதிய உரையாடல்கள் ஒரே நாளில் பார்வையிலிருந்து மறைந்தன. 2014இல் சிகாகோவில் மீண்டும் திறந்த தளம் 2018இல் நின்றது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த லாரன்ஸ் நாளிதழும் 2016இல் வெளி நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. ஜாங்கோவின் பொறுப்பு 2008இலேயே தனி அறக்கட்டளையைச் சேர்ந்திருந்ததால், அவ்விற்பனை அதைத் தொடவில்லை.