அடிப்பிடித்த மை

வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: "வாரத்துக்கு எத்தனை பக்கம் அடிப்பீங்க?" பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. கடையில் நாலாயிரத்துக்கு ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று இருக்கிறது, இரண்டுமே ஏ4 தாளில் கறுப்பு எழுத்தைத்தான் அச்சடிக்கப்போகின்றன, அப்புறம் எதுக்கு இந்த வித்தியாசம் என்பார்கள். "இது கார்ட்ரிட்ஜ், அது டேங்க் சார்" என்று விற்பவர் முடித்துக்கொள்வார். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே ஏறக்குறைய ஐம்பது வருட வரலாறு கிடக்கிறது. அதில் பாதி ஆய்வுக்கூடத்தில் நடந்தது. மீதியை நடத்தியவர்கள் பெயர் தெரியாத ரிப்பேர் கடைக்காரர்கள்.

1977இல் ஜப்பானில், கேனன் நிறுவனத்தின் ஆய்வாளர் இச்சிரோ எண்டோவின் மேசையில் மை நிரப்பிய சிரிஞ்சு ஒன்று இருந்தது. சூடாக இருந்த சால்டரிங் அயர்ன் தற்செயலாக அதன் ஊசியில் பட்டது. ஊசி முனையிலிருந்து மை சட்டென்று பீய்ச்சியடித்தது. சூடு பட்ட இடத்தில் மையிலிருந்த நீர் ஆவியாகிக் குமிழியாகி, முன்னால் இருந்த மையை வெளியே தள்ளியிருக்கிறது. கேனன் இதற்குப் பின்னாளில் வைத்த பெயரும் 'பபுள் ஜெட்' என்பதுதான்.

மையைத் துளியாகத் தெறிக்கவிட்டு எழுதும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. திரவத் தாரை ஏன் துளிகளாக உடைகிறது என்பதை இங்கிலாந்தின் ராலே பிரபு 1870களிலேயே கணக்கிட்டுவிட்டார். ஸ்வீடனைச் சேர்ந்த ரூனே எல்ம்குவிஸ்ட் 1951இல், மருத்துவக் கருவிகளின் வரைகோட்டை மைத்தாரையால் எழுதும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். (1958இல் மனித உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரைச் செய்தவரும் இதே ஆள்தான். இப்படிப்பட்டவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு புத்தகம்கூட இல்லை.) ஆனால் இவை எதுவும் வீட்டு மேசைக்கு வருகிற விலையில் இல்லை.

எண்டோவின் சிரிஞ்சைப் பற்றி எதுவும் தெரியாமல், அடுத்த ஓரிரு வருடங்களில் அமெரிக்காவின் எச்பி ஆய்வுக்கூடத்தில் ஜான் வாட் என்பவரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியது காப்பி பெர்கொலேட்டர் என்று சொல்வார்கள். அது நம்ம வீட்டு டிகாக்‌ஷன் ஃபில்டர் இல்லை. அடுப்பில் வைத்தால் அடியில் கொதிக்கும் நீர் ஒரு குழாய் வழியாகத் தானே மேலேறி காப்பித்தூள்மேல் கொட்டும் பாத்திரம். கொதிநீர் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகிறதென்றால், மையும் போகும். இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றப் படி ஏறாமல் நுட்பத்தைப் பகிர்ந்துகொண்டன.

இங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. தலைமுடியை விட மெல்லிய துளை, அதன் பின்னால் ஒரு நுண்ணிய சூடேற்றி. விநாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம் மட்டும் அது 300 பாகைக்கு மேல் சூடாகி அணைகிறது. இப்படி விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை. என்ன ஆகும்? சமைக்கிற யாருக்கும் தெரியும்: அடிப்பிடிக்கும். மையிலுள்ள சாயம் கருகிச் சூடேற்றியின்மேல் படலமாகப் படியும், துளி சிறுத்துக்கொண்டே போகும். இதற்கு ஆங்கிலத்தில் 'கோகேஷன்' என்று ஒரு கலைச்சொல் இருக்கிறது. அது ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. பானையின் அடியில் தீய்ந்த சோற்றை ஜப்பானியர்கள் 'ஓகோகே' என்பார்கள், அந்தக் குடும்பத்துச் சொல்தான் இது. நாம் மொழிபெயர்க்கவே வேண்டாம். அடிப்பிடித்தல், அவ்வளவுதான்.

எச்பி இதற்குக் கண்ட தீர்வு அபாரமானது. தலை கருகும், துளை அடைபடும் என்றால் ஒவ்வொரு முறை மை தீரும்போதும் தலையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடு! 1984இல் வந்த திங்க்ஜெட் இப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. பன்னிரண்டு துளை கொண்ட அச்சுத் தலையும் மைப் பையும் சேர்ந்து ஒரே சிறு கார்ட்ரிட்ஜ். பிரிண்டரின் விலை 495 டாலர். தலையைச் சிலிக்கான் சில்லுகளைப்போல மொத்தமாகச் செய்ய முடிந்ததால் எறிவது கட்டுப்படியானது. வீட்டில் அடைப்பெடுக்கத் தெரிந்த மெக்கானிக் தேவையில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் புது பிரிண்டர் மாதிரி.

ஆக, தூக்கியெறியும் கார்ட்ரிட்ஜ் பிறந்தது பேராசையால் அல்ல, ஒரு நியாயமான பொறியியல் காரணத்தால். பேராசை பின்னால் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. 1988இல் டெஸ்க்ஜெட்டின் விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் பிரிண்டர் விலை சரிந்து நூறு டாலருக்குக் கீழே வந்தது. கார்ட்ரிட்ஜ் விலை மட்டும் அதனோடு கீழே இறங்கவில்லை. லாபம் இயந்திரத்திலிருந்து மைக்கு இடம் மாறியது.

இதை விளக்க எல்லோரும் ஜில்லெட் ரேசரை இழுப்பார்கள்: ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி என்று. அந்தக் கதையே சரியில்லை என்று ராண்டல் பிக்கர் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார். காப்புரிமை கையில் இருந்த 1921 வரை ஜில்லெட் தன் ரேசரை ஐந்து டாலர் என்று நல்ல விலைக்கே விற்றது. காப்புரிமை போன பிறகுதான் விலை இறங்கியது. ஊரறிந்த ஜில்லெட் கதைக்கு உண்மையிலேயே பொருந்துவது, ஜில்லெட்டை விட பிரிண்டர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்சன் வேறு பாதையில் வந்தது. அது மையைச் சூடாக்கவில்லை. மின்சாரம் பாய்ந்தால் வளையும் பீஸோ படிகத்தைக் கொண்டு மையை அழுத்தித் தள்ளியது. சூடு இல்லை, அதனால் அடிப்பிடிப்பதும் இல்லை. தலை பிரிண்டரோடு நிரந்தரமாக இருக்கும். கார்ட்ரிட்ஜ் என்பது வெறும் மை டப்பா. 1994இல் வந்த ஸ்டைலஸ் கலர் 720 டிபிஐ துல்லியத்தில் படம் அச்சிட்டு எல்லோரையும் வாயடைக்க வைத்தது. சரி, தலையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை என்றால் மை டப்பா மலிவாக இருந்திருக்க வேண்டாமா? இருக்கவில்லை. போதாதற்கு, டப்பாவின் மேல் ஒரு சிப் வந்து ஒட்டிக்கொண்டது. எவ்வளவு மை போயிருக்கிறது என்று அது கணக்கு வைக்கும். கணக்கு தீர்ந்தால், உள்ளே கொஞ்சம் மை இருந்தாலும் "காலி" என்று சொல்லிவிடும்.

இதற்குப் பதில் வந்தது தெருவிலிருந்து. சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, கொஞ்சம் பெரிய ஊர் என்றாலே பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ரீஃபில் கடை முளைத்தது. கார்ட்ரிட்ஜின் மேலுள்ள ஸ்டிக்கரை உரித்து, துளையில் ஊசியை இறக்கி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு நனையும் அளவுக்கு மையைச் செலுத்தி, டிஷ்யூ தாளில் ஒத்தியெடுத்துக் கொடுப்பார்கள். "ரெண்டு மூணு தடவ தாங்கும்ணே, அதுக்கு மேல தல போயிரும்" என்பது எல்லாக் கடையிலும் கேட்கிற வாசகம். அடிப்பிடித்தல் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதன் ஆயுட்கணக்கை அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கையில் சிரிஞ்சு வேறு.

அடுத்த கட்டம் இன்னும் துணிச்சலானது. பிரிண்டரின் பக்கவாட்டில் நான்கு மைப் புட்டிகளை ஒட்டி, மெல்லிய குழாய்களைக் கார்ட்ரிட்ஜ் இருந்த இடத்துக்கு இழுத்துவிட்டார்கள். பிரிண்டரை ஏமாற்ற, தானாகவே பூச்சியத்துக்குத் திரும்பும் ஒரு போலி சிப். இதற்குப் பெரும்பாலும் எப்சன்தான் வாகாக இருந்தது. நிரந்தரத் தலை ஆயிற்றே, எவ்வளவு மை ஊற்றினாலும் கருகாது. இந்தோனேசியாவில் இப்படி மாற்றிய பிரிண்டர்கள் கடைகளில் பகிரங்கமாகவே விற்றன. இயந்திரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு மையில் எடுக்கலாம் என்றிருந்த நிறுவனத்துக்கு, அங்கே விற்ற ஒவ்வொரு பிரிண்டரும் நஷ்டக் கணக்கு.

2010 அக்டோபரில் எப்சன் அதே இந்தோனேசியாவில், தொழிற்சாலையிலேயே டேங்க் பொருத்திய எல்100, எல்200 மாடல்களை இறக்கியது. இயந்திரத்தின் விலை அதிகம், மை மலிவு. அடுத்த வருடம் இந்தியா. அமெரிக்காவுக்கு இது போய்ச் சேர 2015 ஆயிற்று. அதன் பிறகு கேனனும், பின்னாலேயே எச்பியும் தங்கள் டேங்க் மாடல்களோடு வந்தன. பணக்கார நாடுகளுக்கு முன்பாக நமக்கு வந்து சேர்ந்த தொழில்நுட்பங்கள் கொஞ்சம்தான். வந்த காரணம், இங்கே யாரும் சொன்ன விலைக்கு மை வாங்கவில்லை என்பது.

மறுபக்கம் கார்ட்ரிட்ஜ் உலகில் சண்டை ஓயவில்லை. 2016 செப்டம்பரில் எச்பியின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் திடீரென்று ஒரே நாளில் வெளியார் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. முன்பே போய்ச் சேர்ந்திருந்த மென்பொருளின் வேலை அது. எதிர்ப்பு கிளம்பவே, அதை நீக்கும் மென்பொருளை வெளியிட வேண்டியதாயிற்று. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லெக்ஸ்மார்க்கின் லேசர் டோனர் வழக்கில், விற்ற பொருளின்மேல் விற்றவரின் காப்புரிமை பேசாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு சிப்பைக் கழற்றவில்லை.

இப்போது அந்த "வாரத்துக்கு எத்தனை பக்கம்" கேள்விக்கு வருகிறேன். எச்பி 680 கறுப்பு கார்ட்ரிட்ஜுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 480 பக்கம். எப்சன் 003 கறுப்பு பாட்டிலுக்கு 4,500 பக்கம். கார்ட்ரிட்ஜை ஆயிரம் ரூபாய், பாட்டிலை ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு முன்னது இரண்டு ரூபாய், பின்னது பதினோரு பைசா. இரண்டு இயந்திரங்களுக்கும் விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால், சுமார் நாலாயிரம் பக்கத்தில் டேங்க் தன் கூடுதல் விலையை மீட்டுவிடும். வாரம் நூறு பக்கம் அடிப்பவருக்கு அது ஒரு வருடத்துக்குள். இருபது பக்கம் என்றால் நாலு வருடம். ஐந்தே பக்கம் என்றால் பதினைந்து வருடம், அதுவரை பிரிண்டர் இருக்காது. வண்ணம் நிறைய வேண்டுமென்றால் இந்தக் கணக்கு டேங்க் பக்கம் வேகமாகச் சாயும்: 680 வண்ணக் கார்ட்ரிட்ஜுக்கு 150 பக்கம்தான் சொல்கிறார்கள். மூன்று நிறமும் ஒரே டப்பாவில் இருப்பதால் மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மொத்தமும் போச்சு.

ஆனால் இந்தப் பக்கக் கணக்கெல்லாம் ஐஎஸ்ஓ தரநிலையின் மாதிரிப் பக்கங்களை இடைவிடாமல் அச்சடித்துப் பார்த்துச் சொல்வது. வீட்டில் யாரும் அப்படி அடிப்பதில்லை. பத்து நாள் சும்மா கிடந்த பிரிண்டரைப் போட்டால் கர்ர், டக் என்று ஒரு சத்தம் வருமே, அது தலையைக் கழுவும் சத்தம். கழுவுவது மையால்தான். அடிக்கடி அச்சிடாத வீட்டில் தாளுக்குப் போகாத மை கணிசமானது.

அதனால்தான் எப்போதாவது ஒரு டிக்கெட், ஒரு விண்ணப்பம் என்று அடிப்பவர்களுக்கு இன்றைக்கும் தலையோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜையே சொல்கிறேன். காய்ந்து அடைத்தால் தலையையே மாற்றிவிடலாம், 1984இன் அந்தப் பழைய நியாயம் இவர்களுக்கு இன்னும் செல்லும். கறுப்பு மட்டும் போதும் என்றால் லேசர் இன்னும் மேல். டோனர் பொடி காயாது. நாவல் ப்ரூஃப் பார்ப்பவர்கள், பிடிஎஃப்பை அச்செடுத்து அடிக்கோடிட்டுப் படிப்பவர்கள், சிறுபத்திரிகை நடத்துபவர்களுக்கு டேங்க்தான். வாரம் ஒரு முறையாவது ஒரு வண்ணப் பக்கம் அடித்துவிட வேண்டும், நிரந்தரத் தலை அடைபட்டால் செலவு பெரிது.

கடையில் இன்னொன்றும் கேளுங்கள். கழுவிய மையெல்லாம் பிரிண்டரின் அடியில் ஒரு பஞ்சுத் திண்டில் போய்ச் சேர்கிறது. அது நிரம்பிவிட்டதாக உள்ளிருக்கும் எண்ணி முடிவுசெய்தால் சிவப்பு விளக்குகள் மின்னும், பிரிண்டர் வேலைநிறுத்தம். மெக்கானிக் வந்து ரீசெட் சாஃப்ட்வேர் போட்டுவிட்டுப் போவார். சில புது மாடல்களில் அந்தப் பஞ்சை நாமே கழற்றி மாற்றும் பெட்டியாக வைத்திருக்கிறார்கள். அப்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எப்சனின் அந்தப் பெட்டியில் ஒரு சிப் இருக்கிறது. அதைப் பூச்சியத்துக்குத் திருப்பும் சின்னக் கருவியும் ஆன்லைனில் விற்கிறது.