பொய் சொன்ன கற்கள், தப்பிய தங்கம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1851-இல் தங்கம் தேடிப் பெருங்கூட்டம் இறங்கியது. பல்லாராட், பெண்டிகோ வட்டாரங்களின் மண்ணைச் சில பத்தாண்டுகளில் அலசிக் கொட்டிவிட்டார்கள். 1869-இல் மோலியாகுலில் அகப்பட்ட 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' பொற்கட்டி வெறும் 3 செ.மீ. ஆழத்தில்தான் இருந்தது, மண்ணைக் கீறினாலே தங்கம் என்ற காலம் அது. நூற்றாண்டு கழித்து, மெட்டல் டிடெக்டரோடு இரண்டாவது வேட்டை அதே பூமியில் நடந்தது. தங்கத்தின் விலை ஏறியதே இதற்குக் காரணம் என்று சொல்வதுண்டு. விலை ஆட்களைக் காட்டுக்கு வரவழைத்தது, அவ்வளவுதான். எவ்வளவு தங்கம் வெளியே வரும் என்பதைத் தீர்மானித்தது அந்தச் செம்மண்.

இந்த மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுதி. தொடர்ந்து அலை அனுப்பும் பழைய வகைக் கருவிக்குத் தரையின் சராசரி எதிர்வினையைக் கழித்துவிடக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் சராசரியை மீறிய ஒரு கல் வந்தால் அது உலோகத்தைப் போலவே கத்தும். 'ஹாட் ராக்' என்று தேடுபவர்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். காலால் கல்லைத் தள்ளிப் பார்ப்பார்கள்; சத்தமும் கல்லோடு நகர்ந்தால் தங்கமில்லை. மண்வெட்டியில் பதித்த காந்தத்தில் ஒட்டினாலும் அதே தீர்ப்பு. ஓயாத இரைச்சலைத் தாங்காமல் கருவியின் உணர்திறனைக் குறைத்தால், ஆழத்துத் தங்கமும் சேர்ந்து ஊமையாகிவிடும்.

1980-இல் கிங்கோவரில் கெவின் ஹில்லியர் பழைய வகைக் கருவியால்தானே 27 கிலோ 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியைக் கண்டெடுத்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது சுமார் 30 செ.மீ. ஆழத்தில் கிடந்த பெருங்கட்டி. எந்த இரைச்சலையும் மீறிக் கேட்டிருக்கும். மண் மறைத்தது சிறியதையும் ஆழத்தில் உள்ளதையும்.

தொடர்ந்து அலை அனுப்பாமல் விட்டுவிட்டு அனுப்பும் துடிப்புக் கருவி வேறு வழியில் போனது. சுருளில் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தி, பிறகு காது கொடுக்கும். மண்ணின் இரும்பு ஆக்சைடுகளில் மாக்னடைட்டின் எதிர்வினை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மாக்கமைட்டின் நுண்துகள்கள் மட்டும் மெதுவாகவே ஓய்வதால், அப்போதும் பொய் மிஞ்சும். அடிலெய்டின் மைன்லாப் நிறுவனத்தில் புரூஸ் கேண்டி, நீளம் மாறும் துடிப்புகளை அனுப்பி, ஒன்றையொன்று ஒப்பிட்டு, மண்ணின் பங்கைக் கழித்தார். அந்த முறையில் இயங்கிய எஸ்டி 2000 கருவி சந்தைக்கு வந்தது 1995-இல். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அப்போது 400 டாலருக்கும் கீழே கிடந்தது. ஆனாலும், தேடி ஓய்ந்துபோன பழைய இடங்கள் மறுபடி தங்கம் தந்தன. விலை மட்டுமே காரணமென்றால் இது நடந்திருக்காது.