இழைகளும் உள்குத்தகையும்: பலசெயலிக் கெர்னல் வடிவமைப்பு பற்றி ஒரு வாதம்

விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் பெரிய கூடம் கிடையாது. மருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, திரி வைக்க இன்னொன்று என வேலிக்குள் சிறு அறைகள் இடைவெளி விட்டு நிற்கும். அறைக்கு நான்கு பேர்தான் என்பது விதி. ஓரிடத்தில் பற்றியது அடுத்த அறையை எட்டக் கூடாது. (கணினித் தமிழில் ‘திரெட்’ இழையாகிவிட்டது, சிவகாசிக்காரர் மொழிபெயர்த்திருந்தால் திரி என்றே வைத்திருப்பார்.)

பல செயலிகளில் ஓடும் இயங்குதளத்தின் கருவான கெர்னலை இந்த ஆலையோடு ஒப்பிடுபவர் முதலில் பூட்டுகளையே நினைப்பார். 1996இல் லினக்ஸ் 2.0 பல செயலிகளை ஏற்றபோது கெர்னலுக்கு ஒரே பெரும்பூட்டு. ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் உள்ளே. அதை முற்றிலும் அகற்ற 2011 ஆயிற்று. கூடத்தை அறைகளாகத் தடுத்த கதைதான் இது, விவாதிக்க அதிகமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது குத்தகை.

ஆலை உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு விடக் கூடாது. தீபாவளி நெருங்கும்போது நடப்பது வேறு. குத்தகைதாரர் ஒவ்வொருவரும் தம் ஆட்களோடும் தம் அவசரத்தோடும் வருவார். உரிமம் தந்த அலுவலகத்தின் ஏட்டில் இருப்பதோ ஒரே ஆலை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் ஆகிய இரு வெடிவிபத்துகளுக்குப் பின்னும் உள்குத்தகை பேசுபொருளானது.

கெர்னல் வடிவமைப்பில் உள்குத்தகைக்கு இணை, பல பயனர் இழைகளைச் சில கெர்னல் இழைகள் மேல் ஏற்றும் முறை. மேலே பயனர் இழைகளை நடத்தும் நூலகத்தின் அட்டவணையாளர், கீழே கெர்னலின் அட்டவணையாளர். ஒருவர் திட்டம் மற்றவருக்குத் தெரியாது. பூட்டைப் பிடித்திருக்கும் பயனர் இழையைச் சுமக்கும் கெர்னல் இழையைக் கெர்னல் இடையில் நிறுத்திவிடும். அந்தப் பூட்டுக்காக மற்ற செயலிகளில் உள்ளவை வீணே காத்திருக்கும். இந்தக் குருட்டுத்தன்மையைப் போக்கத்தான் 1991இல் ஆண்டர்சன் குழுவினர், கெர்னல் தன் முடிவுகளை நூலகத்துக்கு அறிவிக்கும் முறையை முன்மொழிந்தனர். கருத்து நேர்த்தியானது, நடைமுறையில் நிலைக்கவில்லை. சோலாரிஸ் 9 இயங்குதளம் இந்த இருதட்டு முறையைக் கைவிட்டது. லினக்ஸுக்காக உல்ரிக் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் ஆக்கிய நூலகம் ஒவ்வொரு பயனர் இழைக்கும் ஒரு கெர்னல் இழை என்றது. போட்டியின்றி முடியும் பூட்டுகள் கெர்னலைத் தொடாமலே முடிய வழி செய்தது 2002இல் வந்த ஃபியூடெக்ஸ் என்னும் பூட்டு வசதி. புதிய நூலகத்தைக் கொண்டு நடந்த ஒரு சோதனையில் 1,00,000 இழைகளைத் தொடங்கும் நேரம் 15 நிமிடத்திலிருந்து 2 நொடியாகச் சுருங்கியது. ஒவ்வோர் ஆளையும் ஏட்டில் எழுதுவது வேலையை முடக்கும் என்ற அச்சம் பொய்த்தது.

மறுப்பு ஒன்றுண்டு. கோ மொழியும் 2023இல் வந்த ஜாவா 21உம் இருதட்டு முறையைத் திரும்பக் கொண்டுவந்தனவே? காரணம் செலவு: 64 பிட் இன்டெல் செயலிகளில் லினக்ஸ் ஒவ்வோர் இழைக்கும் 16 கிலோபைட் கெர்னல் அடுக்கு ஒதுக்குகிறது, லட்சம் இழைகளுக்கு ஏறத்தாழ 1.6 ஜிகாபைட். ஆனால் கோவின் இயக்கநேரம் பழைய நூலகங்களைப் போலக் கண்மூடி நடப்பதில்லை. ஓர் இழை கெர்னல் அழைப்பில் நெடுநேரம் தேங்கினால் அதன் வேலை வரிசையை வேறொரு கெர்னல் இழையிடம் ஒப்படைக்கிறது. குத்தகைதாரர் கணக்கை அன்றன்றே திறந்து காட்டுவதற்கு ஒப்பானது இது.

ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வரம்பைத் தாண்டி இழை கேட்டால் கெர்னல் அந்தக் கணமே மறுத்துப் பிழைக்குறி திருப்பும். அறைக்குள் ஐந்தாவது ஆள் நுழையும்போது வாசலில் இருப்பவர் போர்மேன், அவருக்குக் கூலி தருபவர் குத்தகைதாரர்.